குதிரைமேல் லுக்ரியோ

ஒரு முகத்தில் உளியை வைக்கும் முன் வெனுஸ்டஸ் தண்ணீர்த் தொட்டியின் மேல் குனிந்து தன் முகத்தைப் பார்ப்பான். புருவங்களின் உள்முனையை மேலே இழுப்பான், வாயைப் பாதி திறப்பான், கீழுதட்டை ஒரு பக்கம் சரியவிடுவான். விலாவில் ஈட்டி இறங்கியது போல ஒரு முனகல். பிறகு அந்த முகத்தைக் கலைக்காமலேயே நடந்துபோய்க் கல்லில் இறக்கிவிடுவான்.

ரோமில், டைபர் ஆற்றங்கரையில் மூட்டை தூக்குகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "என்னப்பா, இன்னிக்கு செத்தாச்சா?"

"சாப்பிடட்டும் இருங்க. வயிறு நெறஞ்சாதான் எனக்கு நல்லா சாவு வருது."

கல் சவப்பெட்டிகளில் போர்க்காட்சி செதுக்குவதுதான் அவன் வேலை செய்யும் சிற்பக்கூடத்தின் பிழைப்பு. குதிரைக் குளம்படியில் கிடந்து சாகும் ஜெர்மானியர்கள் எல்லாரும் வெனுஸ்டஸின் கைவேலை. நடுவே குதிரைமேல் வெற்றியோடு இருக்கும் தளபதிக்கு மட்டும் முகமிருக்காது, வெறும் கல்முண்டுதான். பெட்டி விலைபோன பிறகு, அதில் படுக்கப்போகிறவரின் முகத்தை அங்கே செதுக்குவார்கள். அதற்குத் தனி ஆள் இருந்தான். அவன் காய்ச்சலில் கிடந்த வாரம் பார்த்து மீன்சாறு வியாபாரி லுக்ரியோ செத்துப்போனார்.

முதலாளி மக்ரினுஸ் லுக்ரியோவின் முகத்தில் அச்செடுத்த மெழுகு முகத்தைக் கொண்டுவந்து வெனுஸ்டஸின் முன் வைத்தார். "நீயே பண்ணிடு. ஜெயிச்ச முகம், தெரியுதுல்ல?"

மூக்கு அச்சாக வந்தது. காதும் வந்தது. புருவத்துக்கு வந்தபோது, பழக்கதோஷம், வெனுஸ்டஸ் தொட்டிக்குப் போய்விட்டு வந்தான். உச்சிவெயிலில் மக்ரினுஸ் வந்து பார்த்தபோது, தளபதி லுக்ரியோ எதிரிகளை மிதித்துக்கொண்டே விலாவில் ஈட்டி வாங்கியவர் மாதிரி வாய்பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தலாமென்றால் முண்டில் கல் மிச்சமில்லை.

மக்ரினுஸ் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "லுக்ரியோ சம்சாரம் வேணாம்னு சொல்லட்டும், நாளைக்கே உன்னை வித்துடறேன். லூனா மலையில கல் ஒடைக்க ஆள் கேட்டிருக்காங்க."

லூனாவுக்குப் போன அடிமை எவனும் திரும்பி வந்ததாகப் பேச்சில்லை.

லுக்ரியோவின் மனைவி புரோகுலா சாயங்காலம் வந்தாள். குதிரையைப் பார்த்ததும் சிரித்தாள். "கழுதைமேல ஏத்தினாலே கீழ விழுவாரு." பிறகு முகத்துக்கு வந்தாள். திறந்த வாயின் ஓரத்தை விரலால் மெல்லத் தொட்டாள். வெனுஸ்டஸ் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாரு செஞ்சது?"

"இவன்தாம்மா," என்றார் மக்ரினுஸ் அவசரமாக.

"இதான் அவரு. ரொம்பத் துடிச்சாரு, பாவம். என்னை விட்டுப் போக மனசே வரல அவருக்கு." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எதிர்வீட்டு ஸெர்வியா வந்து பாக்கட்டும். அவ புருஷன் கல்லறைச் சிலை கொட்டாவி விடுறாப்ல இருக்கு."

பெட்டி அன்றைக்கே வண்டியேறியது. லூனா பேச்சை மக்ரினுஸ் அப்புறம் எடுக்கவேயில்லை.

பிப்ரவரியில், இறந்தவர்களுக்கான நாட்களில், பெட்டியில் மங்கிப்போன சிவப்புச் சாயத்தை மறுபடி தீட்டிக்கொடுக்க வெனுஸ்டஸ் லுக்ரியோவின் கல்லறைக்குப் போனான். படையல் வைக்க வந்திருந்த லுக்ரியோவின் தம்பி, திராட்சரசத்தில் ஊறிய ரொட்டியை அவனுக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தான்.

"ரொம்பத் துடிச்சுப் போனாராமே உங்க அண்ணன்," என்றான் வெனுஸ்டஸ்.

"யாரு சொன்னா? மூக்கு முட்ட தின்னாரு, ஒரு கத சொன்னாரு, சிரிச்சுக்கிட்டே தூங்கப் போனாரு. காலைல எழுந்திரிக்கல. தலைவலின்னு ஒரு நாள் படுத்ததில்லப்பா அவரு."