கொழுந்தன் போட்ட நம்பர்

என் கொழுந்தனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எழுதும்போதே வயிறு எரிகிறது. எரியட்டும்.

தாராவியில் சந்து முனையில் கடை போட்டு, எங்கள் சந்து முழுக்க இன்டர்நெட் ஒயர் இழுத்து விட்டிருப்பவன் அவன்தான். எனக்குச் செம்பூரில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து வேலை வரும். இந்திப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவேன். எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். படத்தின் ஃபைல் பெரிது, போன் டேட்டாவில் இறங்காது. ஒயர் நெட் இல்லாமல் முடியாது.

விண்டோஸ் ஆமையாக நகர்ந்ததில் வெறுத்துப்போய், ஒரு புதன்கிழமை நானே வீடியோ பார்த்து, அதை அழித்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டேன். எல்லாம் ஜோராக ஓடியது, நெட் மட்டும் வரவில்லை. ஒயர் சொருகும் இடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, திரையிலோ இணைப்பு இல்லை என்கிறது. கொழுந்தனைக் கூப்பிட்டேன். வந்தவன் வாசலில் நின்றே சிரித்தான்.

“மதினி, நம்ம நெட்டு லினக்ஸ்ல ஓடாது. தெரியாத வேலைல எதுக்குக் கைய வைக்கிய? ஞாயித்துக்கெழம வந்து விண்டோஸ் போட்டுத் தாரேன்.”

“படத்த எறக்கி வெள்ளிக்கெழமக்குள்ள சப்டைட்டில் அனுப்பணும் தம்பி. வேல போயிரும்யா.”

“போனாப் போவுது. வீட்டப் பாருங்க.”

மாமியார் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஒயரை மாற்றினேன். கம்ப்யூட்டரை இருபது தடவை அணைத்துப் போட்டேன். வியாழன் முழுக்க அதிலேயே போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒயர் நெட் வாங்காத பக்கத்து வீட்டு அக்காவின் விண்டோஸ் லேப்டாப்பை வாங்கிவந்து என் ஒயரைச் சொருகினேன். அதிலும் நெட் இல்லை! அடப்பாவி, அப்படியென்றால் லினக்ஸ் மேல் என்ன குற்றம்?

அப்போதுதான் பொறி தட்டியது. கம்ப்யூட்டரில் ஒயர் சொருகும் கார்டுக்கு ஒரு நம்பர் உண்டு. கொழுந்தன் தன்னிடம் பதிந்து வைத்திருக்கிற நம்பருக்குத்தான் நெட் விடுவான். குர்லாவில் நான் இந்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரை வாங்கியபோது, புது நம்பரைப் பதியச் சோம்பல்பட்டு, என் பழைய கம்ப்யூட்டரின் நம்பரையே இதன் விண்டோஸுக்குள் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். விண்டோஸ் போனதும் அந்தப் பொய் நம்பரும் போய்விட்டது. அவனுக்கு இது தெரியாதா? சந்தில் பாதி வீட்டில் இதே வேலையைத்தான் செய்திருக்கிறான்.

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி, கார்டில் ஒட்டியிருந்த நம்பரை லினக்ஸின் நெட்வொர்க் செட்டிங்கில் தட்டினேன். நெட் வந்தது. மணி ஏழாகியிருந்தது. ஸ்டூடியோவுக்குப் போன் போட்டால், “ஸாரி மேடம், வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்” என்று வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அழுது தீர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வரவும் இல்லை.

ஒரே வலையில் இருக்கிற கம்ப்யூட்டர்களின் நம்பர்களை லினக்ஸ் வரிசையாகக் காட்டிவிடும். கொழுந்தன் கடை திறந்ததும் வந்து, சாத்தியதும் போகிற நம்பர் எது என்று இரண்டு நாள் கவனித்தேன். அதை என் கம்ப்யூட்டருக்குப் போட்டேன். ஒரே நம்பரில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டுமே திணறும். எனக்குத்தான் வேலையே இல்லையே, திணறினால் என்ன?

கடையில் நெட் அறுந்து அறுந்து வர, கொழுந்தன் மூன்று நாள் தகரக் கூரை மேல் ஏறி, வெயிலில் ஒயர் ஒயராக இழுத்துப் பார்த்தான். நான் வாசலில் நின்று டீ குடித்தபடி ரசித்தேன். நல்லா ஏறு ராசா.

நாலாம் நாள் வீட்டுக்கே வந்துவிட்டான். “மதினி, என் மிஷின்ல என்ன கேடுன்னே தெரியல. கொஞ்சம் பாக்கியளா?”

“பாக்கேன். எனக்கு ஏன் நெட்டு வரலன்னு மொதல்ல ஒங்க அண்ணங்கிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லு.”

அவன் தலை கவிழ்ந்தது. “நம்பர மாத்தாம விட்டது நாந்தாண்ணே. தெரிஞ்சேதான் சொல்லல. மதினிக்கு எதுக்கு வேலன்னு நெனச்சேன்.”

மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கம்ப்யூட்டரின் சொந்த நம்பரைப் பதியவைத்த பிறகே அவன் நம்பரை விட்டேன். அவன் நெட் சரியாகிவிட்டது. எப்படி என்று கேட்டான், சொல்லவில்லை.

“பழச மனசுல வைக்காதிய மதினி” என்றான். தலையை ஆட்டினேன்.

செம்பூரிலிருந்து இன்றுவரை எனக்கு வேலை வரவில்லை. கம்ப்யூட்டரில் குறித்து வைத்த அவன் கடை நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை.