தோடிக்காகத் திறந்த பியானோ

காலைக் காப்பி முடிந்ததும் தர்மாம்பாள் இடது கட்டைவிரலில் தேங்காய் எண்ணெயைத் தடவி, புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைப்பாள். அந்த விரல் நுனி காய்த்துத் தடித்திருக்கிறது. வீணைக்காரிகளுக்கு ஆள்காட்டி விரலில் தழும்பு விழும். பியானோ வாசிக்கிறவளுக்கு எந்த விரலிலும் விழ நியாயமில்லை. இவளுக்கு விழுந்திருக்கிறது. வடக்கு மாசி வீதியில் இவளைப் பற்றி நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் அந்த விரல்தான் காரணம்.

பேசும் படம் வந்ததும், ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று முழங்கிய பியானோவைக் கொட்டகைக்காரர் ஒருவர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். தர்மாம்பாளின் புருஷன், கோர்ட்டு குமாஸ்தா சுப்பராமன், அதை வாங்கிவந்து கூடத்தில் நிறுத்தினார். வீணை வாசிக்கிற பெண்டாட்டி பொழுதுபோக்காக இதையும் தட்டிப் பார்க்கட்டும் என்று நினைத்தார், பாவம்.

சங்கராபரண ராகத்தை எப்படியோ வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். தோடியில்தான் முட்டிக்கொண்டது. தோடியில் ‘க’ என்கிற காந்தார சுரம் அசைந்தால்தான் காந்தாரம். பியானோவிலோ கட்டையைத் தட்டினால் சுரம் விறைத்துக்கொண்டு நிற்கும்.

“நேரா நின்னா அது தோடி இல்லே, துணி காயப்போடற கொம்பு” என்றாள் தர்மாம்பாள்.

வேறொருத்தியாயிருந்தால் வீணைக்கே திரும்பியிருப்பாள். இவள் பியானோவின் முன்பலகையைக் கழற்றினாள். தந்திகளையெல்லாம் இளக்கித் தன் சுருதிக்கு இறக்கினாள். ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ளே மூன்று தந்திகள். அசைய வேண்டிய சுரங்களில் இரண்டைத் துணி செருகி ஊமையாக்கினாள். வலது கை கட்டையைத் தட்டும்போதே இடது கட்டைவிரல் உள்ளே போய், மிஞ்சிய ஒற்றைத் தந்தியை அழுத்தி ஆட்டும். காந்தாரம் அசைந்தேவிட்டது. என்ன நெஞ்சழுத்தம் இந்த அம்மாளுக்கு!

சர்ச்சில் பியானோ வாசிக்கும் தேவசகாயம் வந்து பார்த்து, நல்ல வாத்தியம் கெட்டுப்போனதாக வருத்தப்பட்டார். வித்வான்கள் நல்ல ராகம் கெட்டுப்போனதாக வருத்தப்பட்டார்கள். தர்மாம்பாள் எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கூடத்துச் சுவரைத் தாண்டி, ஊர் கேட்கத் தோடி வாசிக்க வேண்டும். போன நவராத்திரியில் சபாக்காரர்கள் அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். வண்டிக்கார மொக்கையன் மாட்டு வண்டியில் பியானோவைக் கொண்டுபோய், ஆட்களோடு மேடையில் ஏற்றினான்.

“என்ன தாயி, இது வாத்தியமா, நெல்லுக் குதிரா? இம்புட்டுக் கனம் கனக்குதே.”

“உள்ளே முழுக்க இரும்புப்பா. மெதுவா வை.”

சபாக் காரியதரிசி பிச்சுமணி வேகமாக வந்தார். “மாமி, பலகையைக் கழட்டப்படாது. கமிட்டியிலே தீர்மானம் பண்ணியாச்சு. மூடி வச்சுண்டே ரெண்டு இங்கிலீஷ் நோட்டு வாசிச்சுட்டு எழுந்துண்டுடுங்கோ.”

சுப்பராமன் காதோடு சொன்னார்: “அவர் சொல்றபடியே வாசிச்சுடேன். இந்த மேடை போச்சுன்னா இன்னொண்ணு யார் தரப்போறா?”

அவர் சொன்னது வாஸ்தவம். தர்மாம்பாள் மூடிய பியானோவின் முன் உட்கார்ந்து ஓர் இங்கிலீஷ் நோட்டு வாசித்தாள். சபை கைதட்டியது. முன்வரிசையில் வித்வான்கள் புன்னகைத்தார்கள். அந்தக் கைதட்டலோடு நமஸ்காரம் பண்ணிவிட்டு இறங்கியிருந்தால் நல்ல பேர் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பேரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

எழுந்தாள். பலகையின் திருகுகளைக் கழற்றினாள். பிச்சுமணி மேடையேறி, தடுக்கிற பாவனையில் இரண்டு கைகளையும் நீட்டினார். தர்மாம்பாள் பலகையைத் தூக்கி அந்தக் கைகளில் வைத்தாள்.

“செத்தே நேரம் பிடிச்சுக்கோங்கோ.”

தோடி தொடங்கியது. காந்தாரம் வந்தபோது சபையில் விசிறிச் சத்தம்கூட இல்லை. பலகையைக் கீழே வைத்தால் சத்தம் கேட்குமே என்று, பிச்சுமணி அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.