ஸ்கானுக்கு முன் ஒரு பயிற்சிப் புதிர்

யாழ்ப்பாணத்தில் ஒரு மூளை ஆய்வில் உதவியாளராக இருக்கிறேன். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி தர்க்கப் புதிர்களுக்கு விடை சொல்பவரின் மூளையில் சிந்தனையும் உணர்ச்சியும் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கிறோம். கருவி பெரிய காந்தம். ஆகவே நகை, ஊசி, உடம்பில் பொருத்திய உலோகம் என்று ஒவ்வொன்றாக முதலில் கேட்பேன்.

அன்று வந்தவர் அரியாலையிலிருந்து பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார். வெளியே வைத்தே, மனத்தைத் தொடும் பயிற்சிப் புதிர் ஒன்று கொடுத்தேன்: "போரில் எறிகணைச் செல் விழுந்த வீடுகளில் எல்லாம் யாரோ காயப்பட்டார்கள். இந்த வீட்டில் யாரும் காயப்படவில்லை. அப்படியென்றால்?"

"இங்கை செல் விழேல்லை," என்றவர் சிரித்தார். "எங்கடை வீட்டிலை விழுந்தது, பிள்ளை. துண்டு இன்னும் கண்ணுக்குக் கீழை கிடக்கு."

"ரீச்சர், உலோகம் இருக்கோ எண்டு கேட்டனான் எல்லோ!"

"நீர் பொருத்தினதைத்தானே கேட்டனீர்? உது தானா வந்தது."

காந்தம் அதை அசைத்திருந்தால் கண்ணே போயிருக்கலாம். ஸ்கானைக் கைவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

இப்போது என் முதற் கேள்வி, "செல் துண்டு, துவக்குச் சன்னம் ஏதும் உடம்பிலை கிடக்கோ?" என்பதுதான். "ஓம்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் ரீச்சரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.