உபைதுல்லாவின் ஒப்புதல்

ஜான்சிக்கு கடலூர் மஞ்சக்குப்பம் ஆபீசில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அபசகுனம். யார் எதைப் புதிதாக வாங்கி வைத்தாலும், "இது போச்சின்னா என்ன பண்ணுவீங்க?" என்றுதான் முதலில் கேட்பாள். கடலூரிலும் சிதம்பரத்திலும் கிளை வைத்திருந்த ஒரு தனியார் டயாலிசிஸ் மையத்தில் கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பு. வயது முப்பத்தெட்டு. தானே புயல் அடித்த வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மறுநாள் கதவைத் திறந்தபோது கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேற்றுக்குள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு கிழவர் தன் மகளின் ரிப்போர்ட்டைக் கேட்டு மூன்று நாள் நடையாய் நடந்தார். கொடுக்க ஒன்றுமில்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட கேள்வி அது.

அந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரே ஆள் உபைதுல்லா. சிதம்பரத்துக்குப் பக்கம் கிள்ளை ஊர்க்காரர், அவளோடு அதே பிரிவில் வேலை பார்த்தவர். "கேளு ஜான்சி. கேக்கறதுக்குத்தான நம்மள வெச்சிருக்காங்க" என்பார். மையத்தின் பேரிடர் மீட்புத் திட்டத்தை இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள்.

நோயாளிகளின் விவரம் முழுக்க கிளவுடில், எங்கோ வெளியூரில் பத்திரமாக இருந்தது. அதைப் புயல் தொடாது. ஆனால் அதைப் பார்க்கப் போகும் வாசல் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. யார் உள்ளே வருகிறார்கள் என்று சரிபார்க்கும் சர்வர் அந்த ஆபீசின் தரைத்தளத்தில். அது தண்ணீரில் நின்றுவிட்டால் டாக்டரோ நர்ஸோ ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்க முடியாது. அப்படி ஒரு நாளுக்காக அவசரக் கணக்கு ஒன்று வைத்தார்கள். சர்வரைத் தொடாமல் நேராகக் கிளவுடுக்குப் போகும் வழி. தனியாக ஒருவர் அதைத் திறக்க முடியாது. ஜான்சி பாஸ்வேர்டு போட்டால் உபைதுல்லாவின் போனுக்குக் கேள்வி போகும். அவர் போட்டால் இவளுக்கு வரும். கேள்வியின் வாசகத்தை உபைதுல்லாதான் தமிழில் எழுதிப் போட்டார்: "உபைதுல்லா, இருக்கிறீர்களா?" கீழே இரண்டு பட்டன். ஆம். இல்லை.

இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு இரண்டு பேர் போனுக்கும் அவரவர் பெயர் போட்டு அதே கேள்வி தானாகப் போகும்.

பங்குனியில் ஒருநாள், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த உபைதுல்லா எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. மாரடைப்பு என்றார்கள்.

அவர் பெயரை அவசரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு இன்னொருவரைப் போட வேண்டும். ஜான்சி அந்தப் பக்கத்தை மூன்று முறை திறந்தாள். அவர் படம் வரும். பிச்சாவரத்தில் படகில் உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்த படம். பக்கத்தில் 'நீக்கு' என்று சிவப்பில் இருக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவாள். மாதச் சோதனையின் அறிக்கை வரும்போது 'வெற்றி' என்ற பச்சை எழுத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

கார்த்திகைக் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்தது. திட்டத்தில் எழுதியிருந்தபடி கடலூர் மையத்தை மூடி, அங்கு வழக்கமாக வரும் பன்னிரண்டு நோயாளிகளை முதல்நாளே வேனில் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். ஜான்சியும் கூடவே போனாள். அவர்களுடைய காகித ஃபைல்களை ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பிய இரண்டாவது வேன் புதுச்சத்திரத்துக்கு இப்பால் வர முடியவில்லை. ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது.

பகல் பதினொன்றரைக்கு சிதம்பரத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு இருந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் முக்கியது. மெஷின்கள் ஒன்றுவிட்டு ஒன்று பீப் என்றன. மஞ்சக்குப்பத்து சர்வர் பதினொன்று நாற்பதுக்கு நின்றது.

நர்ஸ் ஸ்ரீமதி ஓடிவந்தாள். சிதம்பரம் கிளைக்கு அவள்தான் பொறுப்பு.

"மேடம், நேத்து வேன்ல வந்தவங்கள்ல நெல்லிக்குப்பத்துக்காரரு ஒருத்தரு, கலியமூர்த்தி. ஒரு தடவ டயாலிசிஸ் தள்ளிப்போயிருக்கு போல, ரொம்ப மூச்சு வாங்குறாரு. மெஷின்ல போடணும். அவுரு ஃபைல் வேணும்."

"அவுர கேட்டியா?"

"கண்ணே தொறக்கல மேடம். கூட வந்த பையனுக்கு ஒண்ணும் தெரியல. டாக்டரு லைனே கெடைக்கல. ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டுத்தான் மெஷின்ல விடுவோம். எவ்ளோ போடறது, போடலாமா கூடாதான்னு தெரியாம நான் கைய வெக்க மாட்டேன்."

ஜான்சி லேப்டாப்பைத் திறந்தாள். மொபைல் நெட் ஒற்றைக் கோட்டில் நின்றது. அவசரக் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்ட பிறகுதான் அடுத்து என்ன வரும் என்பது அவளுக்கு உறைத்தது. திரையில் படகும் சுருங்கிய கண்களும் வந்தன. 'உபைதுல்லாவின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.'

சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வர் நின்றபின் இரண்டாவது ஆளை மாற்ற வேண்டுமென்றால் முதலில் இந்தக் கணக்குக்கு உள்ளே போயாக வேண்டும். உள்ளே போக அவர் வேண்டும். எல்லாரிடமும் கேட்ட கேள்வியை அவள் இந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டும் கேட்காமல் விட்டிருந்தாள். பக்கத்து அறையிலிருந்து கலியமூர்த்தியின் மூச்சு, ஈரத் துணியை இழுப்பதுபோல் கேட்டது.

வட்டம் நின்றது.

'உபைதுல்லா: ஆம்.'

கதவு திறந்தது. பன்னிரண்டு பெயர்களும் வரிசையாக வந்து நின்றன.

ஜான்சிக்கு முதுகில் மயிர் கூச்செறிந்தது. அனிச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஸ்ரீமதி மட்டும்தான்.

"வந்துருச்சா மேடம்?"

"வந்துருச்சி" என்றாள். குரல் தனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

அவள் தொழிலில் பேய்க்கு இடமில்லை. செத்தவர் பெயரில் பதில் வந்தால், அவர் போன் திருடன் கையில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கதவைச் சாத்த வேண்டும். அவர்கள் எழுதிய திட்டமே அதைத்தான் சொன்னது. ஆனால் சாத்தினால் மறுபடி திறக்காது. ஜான்சி கலியமூர்த்தியின் பக்கத்தைத் தொட்டாள். மேலேயே சிவப்பில் இருந்தது: வயிற்றில் ரத்தக்கசிவு, மூன்று வாரம் முன்பு. ஹெப்பாரின் ஊசி போடக்கூடாது.

"ஊசி வேணாம் ஸ்ரீமதி. போட்டா ரத்தம் நிக்காது."

ஸ்ரீமதி எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். ஊசி இல்லாமலே அவரை மெஷினில் போட்டார்கள். ஜான்சி பன்னிரண்டு பேரின் தாள்களையும் பிரிண்ட் எடுத்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று அதே தாள்களைப் படிப்பதுபோல் இருந்தது. கடைசித் தாள் வந்ததும் உபைதுல்லாவின் அனுமதியை முடக்கி, அவர் இடத்தில் ஸ்ரீமதியைப் போட்டுவிட்டு, கணக்கை மூடினாள்.

மூடுவதற்கு முன் பழைய அறிக்கைகளை ஒருமுறை பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள். சித்திரையிலிருந்து எட்டுச் சோதனை. ஒவ்வொன்றிலும் அவள் பெயருக்குக் கீழே அவர் பெயர். பதில் வந்த நேரம் பதினொன்று இரண்டு, பதினொன்று ஒன்று, பதினொன்று இரண்டு. எட்டு முறையும் 'ஆம்'. எட்டு முறையும் இடம்: கிள்ளை. ஒரு மாதம் அவள் லீவில் இருந்து மாலையில்தான் பதில் போட்டிருந்தாள். அவர் நேரம் தவறவில்லை.

மாலை காற்று அடங்கியது. கலியமூர்த்தி கண்ணைத் திறந்து காப்பி கேட்டார். சென்னையில் தலைமை அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரி ராஜ்கமலுக்கு லைன் கிடைத்ததும், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் எட்டுத் தேதிகளையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"செத்தவரு பேர்ல எட்டு மாசமா யாரோ ஆம் சொல்லிட்டு இருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமாம் சார்."

"யாருன்னு கண்டுபிடிங்க."

மூன்றாம் நாள் கிள்ளைக்குப் போனாள். பஸ் பாதிவரைதான் போயிற்று. அதன்பிறகு நடை. ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் நின்றது. காக்கைச் சத்தம்கூட இல்லை. உபைதுல்லாவின் வீட்டில் ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி மெகருன்னிசா கதவைத் திறந்து, ஜான்சியைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"வா ஜான்சி. அன்னிக்கு ரொம்ப அவசரமா கூப்புட்டீங்களே, என்னா ஆச்சு?"

ஜான்சி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அக்கா, நீங்களா அமுக்குனது?"

மெகருன்னிசா உள்ளே போய் போனை எடுத்துவந்து வைத்தாள். துடைத்து, சார்ஜ் போட்டு, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பூட்டின் நம்பர் அவளுக்கு எப்போதும் தெரியும்.

"அவுங்க மௌத்தாகி நான் இத்தாவுல இருக்கேன். வெளிய போகக்கூடாது, யாரும் வரமாட்டாங்க. ஒரு வெள்ளிக்கெழம இது அடிக்குது. எடுத்துப் பாத்தா, 'உபைதுல்லா, இருக்கிறீர்களா?'ன்னு கேக்குது." அவள் போனைப் பார்த்தபடியே பேசினாள். "ரெண்டு பட்டன் இருக்கு. இல்லைன்னு எப்படிம்மா அமுக்குறது? நீயா இருந்தா அமுக்குவியா?"

ஜான்சிக்கு அந்தச் சிவப்பு 'நீக்கு' நினைவுக்கு வந்தது.

"சும்மா வுட்டா அடிச்சிக்கிட்டே இருக்கு. ஆமான்னு அமுக்குனேன். நின்னுருச்சி. அப்புறம் மாசாமாசம் வந்துச்சு. பதினோரு மணிக்கு முன்னாடியே கைய கழுவிட்டு ஒக்காந்துருவேன்."

"புயல் அன்னிக்கு?"

"அதான் எனக்கே புரியல. காலையிலேர்ந்து டவரே இல்ல. புள்ளைங்க யாருக்கும் போன் போவல. அன்னிக்கு வெள்ளிக்கெழமயும் இல்ல. ஓடு பறக்குது, நான் இத மட்டும் முந்தானையில சுத்தி வெச்சிக்கிட்டு மூலையில ஒக்காந்திருக்கேன். அடிச்சிது. அமுக்குனேன். அடுத்த நிமிஷம் பாத்தா மறுபடியும் டவர் இல்ல. ராத்திரிதான் வந்துச்சு."

அந்த ஒரு நிமிஷத்துக்கு விளக்கம் இல்லாமல் இல்லை. காற்று சுழலும்போது தூரத்து டவர் ஒன்று நொடிநேரம் எட்டியிருக்கும். ஜான்சி அதைச் சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். கலியமூர்த்தியைப் பற்றிச் சொன்னாள். ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொன்னாள். மெகருன்னிசா முகத்தை மூடிக்கொண்டாள்.

"தப்பா பண்ணிட்டேனா?"

"தப்பு என்னுதுக்கா. அவுரு பேர நான் எடுத்திருக்கணும். என்னாலயும் முடியல."

போனிலிருந்து ஆப்பை நீக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். மெகருன்னிசா போனை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு தானே திரும்ப இழுத்துக்கொண்டு, எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டாள். ஜான்சி காட்டினாள். நீக்கவா என்று போன் ஒருமுறை கேட்டது. மெகருன்னிசாவின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. வெளியே தார்ப்பாய் படபடத்தது. பிறகு விரல் இறங்கியது.

ராஜ்கமலுக்கு ஜான்சி எழுதிய அறிக்கையில் எல்லாம் இருந்தது, அவள் கையெழுத்துப் போட்ட எட்டுத் தேதிகள் உட்பட. அவளுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள். திட்டத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தாள். பணியாளர் ஒருவர் இறந்தால், அன்றே பெயரை எடுக்க வேண்டும். அவரோடு வேலை பார்த்தவர் கையில் அந்தப் பொறுப்பைக் கொடுக்கக்கூடாது. யாராவது ஒருவர் வீட்டுக்கு நேரில் போய், போனில் இனி என்ன வரும், என்ன வராது என்று குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டும். கடைசி வரி தேவையா என்று ராஜ்கமல் கேட்டார். தேவை என்றாள்.