திறக்காத பெட்டிக்கு ஒரு லேபிள்

1. மூடுபனி செய்த வேலை

டெல்லியில் ஜனவரி மாதம் வெளிநாட்டுப் பொருள்களை வரவழைத்துக் கண்காட்சி வைக்காதீர்கள் என்று மீட்டிங்கில் நான் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? மினிட்ஸில்கூட ஏற்றவில்லை.

நான் அப்போது ஒரு மியூசியத்தில் சீனியர் கன்சர்வேட்டர். பழைய பொருள்கள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. பெயர் ஹெலன், ஊர் பாளையங்கோட்டை, குடியிருப்பு லோதி ரோடு குவார்ட்டர்ஸ். எங்கள் டைரக்டர் வைத்தியநாதன் சார் கும்பகோணத்துக்காரர். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். போவதற்கு முன் ஊர் பேசும்படி ஒரு கண்காட்சி வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் தப்பொன்றும் இல்லை.

கண்காட்சி முழுக்கப் பெட்டிகள். குஜராத்தில் செய்த முத்துச்சிப்பிப் பெட்டி, இலங்கையின் தந்தப் பேழை, துருக்கியில் எழுதுகோல் வைத்த பெட்டி, பர்மாவின் மூங்கில் செப்பு, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பித்தளை வெற்றிலைச் செல்லம். நடுவில் ஒரே ஒரு பெரிய ஷோகேஸ். அது ஜப்பானிலிருந்து வரும் பெட்டிக்கு. மரத்தின் மேல் மரப்பாலைத் திரும்பத் திரும்பப் பூசி மெருகேற்றி, ஈரம் காய்வதற்குள் தங்கத்தூள் தூவிப் படம் வரைந்த பெட்டி அது. அழைப்பிதழின் அட்டையிலும் அதன் படம்தான்.

பெட்டி வந்த விமானம் மூடுபனியால் டெல்லியில் இறங்க முடியாமல் ஜெய்ப்பூருக்குப் போய்விட்டது. பிறகு லாரியில் ஏற்றி, நெடுஞ்சாலையிலும் பனியில் ஊர்ந்து, கடைசியில் கேலரிக்கு வந்து சேர்ந்தது விழா நடக்கும் அன்று காலை. விழா அன்று சாயந்திரம்.

2. "நான் சொல்றேன், திற"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்ப் பொருள் வந்தால், அதை அடைத்து அனுப்பிய கிரேட்டை, அதாவது வெளிப்பெட்டியை, உடனே திறப்பதில்லை. பொருளை வைக்கப்போகும் அறையிலேயே கிரேட்டை ஒரு முழு நாள் அப்படியே விட்டுவைக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று அறைக்காற்றோடு மெதுவாகச் சமமாகும். குளிரில் ஈரத்தோடு வந்த மரத்தைச் சட்டென்று ஹீட்டர் போட்ட அறையில் திறந்தால், மரம் சுருங்கும், மேல் பூச்சு சுருங்காது. பூச்சு உரிந்து எழும்பிவிட்டால் பிறகு யாராலும் அதைப் பழையபடி உட்கார வைக்க முடியாது.

வைத்தியநாதன் சாருக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் கண்ணுக்கு அந்தக் காலி ஷோகேஸ் மட்டும்தான் தெரிந்தது.

"என்னம்மா ஹெலன் இது! முகூர்த்த நேரத்துல மாப்பிள்ளை ரூமைப் பூட்டிண்டு உள்ளேயே உக்காந்திருக்கான்னு சொல்ற மாதிரின்னா இருக்கு?"

"நாளைக்குக் காலைல திறந்திரலாம் சார்."

"நாளைக்குச் சீஃப் கெஸ்ட் யாரு, நீயா?"

பெட்டியோடு கூடவே வந்திருந்த யூகோ என்ற பெண்ணிடம் போனார். அவள் அந்த ஜப்பான் மியூசியத்தின் கூரியர். பொருள் அவர்கள் இடத்தைவிட்டுக் கிளம்பி எங்கள் ஷோகேஸுக்குள் போகும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பனியில் லாரியிலேயே வந்தவள், முகம் வெளிறிப் போயிருந்தது. தன் ஊருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, தலைகுனிந்து வணங்கி, ஆங்கிலத்தில் சொன்னாள்: "இங்குள்ள கன்சர்வேட்டர் சம்மதித்தால் எங்களுக்கும் சம்மதம்."

வந்ததா வினை! எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சார் எங்கள் தச்சரை இந்தியில் கூப்பிட்டார். "மஹேஷ் பையா, ஜல்தி! டிரில் எடுத்துட்டு வா." மஹேஷ் டிரில்லோடு வந்து கிரேட் பக்கத்தில் நின்று, என்னைப் பார்த்து, "கோல் தூம், மேடம்ஜி?" என்று கேட்டார். திறக்கலாமா என்று அர்த்தம். டைரக்டர் பக்கத்திலேயே நிற்கும்போது அவர் என்னிடம் கேட்டது சாருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"நான் சொல்றேன், திற."

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. ஆனால் அன்று கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. என் ஆண்டு ரிப்போர்ட்டை எழுதப்போவது இவர். போகிற காலத்தில் மனிதரை அவமானப்படுத்துகிறோமே என்ற சங்கடம் வேறு. ஈரப்பத மீட்டரைப் பார்த்தேன். கேலரிக் காற்று கருவாடு காயப்போடலாம் என்கிற அளவுக்கு வறண்டு கிடந்தது.

"சார், உங்க வீட்டு வீணைக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

போன குளிர்காலம் லக்ஷ்மிபாய் நகர் வீட்டில், மாமி வாசிக்கும் வீணைக்குப் பக்கத்தில் இவர்தான் ரூம் ஹீட்டரை வைத்தார். குடத்தில் விரிசல் விழுந்துவிட்டது. ஒரு வாரம் ஆபீஸில் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிப் புலம்பினார்.

சார் கிரேட்டைத் திரும்பிப் பார்த்தார். "அதை ஏம்மா இப்போ ஞாபகப்படுத்தறே?" என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போய்விட்டார். மஹேஷ் டிரில்லின் பிளக்கைப் பிடுங்கினார்.

3. விழா

மத்தியானம் சாரிடமிருந்து ஆள் வந்தது. கிரேட்டை நகர்த்தக் கூடாது என்றால் அதன்மேல் வெள்ளைத் துணியாவது போட்டு மூடச் சொன்னாராம். போட்டுப் பார்த்தோம். சாவு வீடு மாதிரி இருந்தது. யூகோவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துணியை எடுத்துவிட்டேன்.

பிறகு மற்றப் பெட்டிகளுக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு லேபிள் அடித்தேன், இந்தியிலும் ஆங்கிலத்திலும். 'இந்தப் பெட்டி வெகுதூரத்திலிருந்து இன்று காலைதான் வந்தது. உள்ளே இன்னொரு பெட்டி இருக்கிறது. இந்த அறையின் காற்றுக்கு அது பழகிக்கொண்டிருக்கிறது. நாளை திறப்போம், வாருங்கள்.' சாரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

சாயந்திரம் சீஃப் கெஸ்ட் வந்தார். ரிட்டயரான தூதர், கெட்டிக்கார அம்மா. தந்தப் பேழையைப் பார்த்தார், வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்தார், நேராக அந்த பிளைவுட் கிரேட் முன்னால் வந்து நின்று லேபிளை முழுக்கப் படித்தார். சார் அப்போதுதான் அந்த லேபிளைப் பார்க்கிறார்.

"ஏன் இப்போதே திறக்கவில்லை?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தியநாதன் சார் முன்னால் வந்தார். மரம் எப்படிச் சுருங்கும், பூச்சு எப்படி எழும்பும் என்று அழகாக விளக்கினார். கடைசியில், "விழாவுக்காக ஒரு பொருளை நாங்கள் பலி கொடுக்க மாட்டோம்" என்று முடித்தார். கைதட்டல்! அன்று முழுக்க அந்த கிரேட்டைச் சுற்றித்தான் கூட்டம். காலையில் டிரில் கேட்ட மனிதரா இவர் என்று மஹேஷ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

4. மறுநாள் காலை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், பெரிய அதிகாரியிடம் எப்படி 'முடியாது' என்று சொல்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. அவரும் அந்தப் பொருள் கெட வேண்டும் என்று நினைப்பவர் இல்லை. அவசரத்தில் மறந்திருப்பார், அவ்வளவுதான். அதை ஞாபகப்படுத்தினால் போதும், ஜெயிக்க வேண்டாம். இது நான் கற்றுக்கொண்ட பாடம். அன்று காலை பயந்துகொண்டே செய்தேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறுநாள் நான் போனபோது கேலரியில் எனக்கு முன்னாலேயே வைத்தியநாதன் சார் இருந்தார். மப்ளர் சுற்றிக்கொண்டு கிரேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் டீ.

"திறக்கலாமா ஹெலன்?"

அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டுச் செய்த முதல் காரியம் அது. மீட்டரைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் சார். யூகோவும் வந்திரட்டும். அதுவரைக்கும் டீயை வெளியில போய்க் குடிங்க, கேலரிக்குள்ள கூடாது."

டைரக்டர் எழுந்து, டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.