கயிற்றுக்கு அந்தப் பக்கத்து மண்

சண்டை தொடங்கிய நாலாம் நாள், வளைகுடா நாட்டு ராஸ் அல் கைமாவில் நான் இருந்த கல் குவாரியில் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனிக்காரன் எங்களைச் சும்மா உட்கார வைப்பானா? எட்டுப் பேரை வண்டியில் ஏற்றி, மலையடிவாரத்தில் ஒரு பழங்காலக் கல்லறையிடம் இறக்கிவிட்டான். ஏவுகணை விழுந்தாலும் அதன் சுவர் நிற்க வேண்டுமாம். சுற்றி மண் மூட்டை அடுக்கச் சொன்னான். தகரக் கூரை போட்ட எங்கள் கேம்ப்பைச் சுற்றி ஒரு மூட்டை கிடையாது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் செத்தவனுக்கு இருக்கும் மரியாதை உயிரோடு இருக்கிறவனுக்கு இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டுப் பேருக்கும் ஃபோர்மேன் நான்தான்.

அங்கே பல குளிர்காலங்களாகத் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்த மேடம் வெள்ளைக்காரர். ஹிந்தி எங்களைவிட நன்றாகப் பேசுவார், அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லோரையும் பாய் என்றுதான் கூப்பிடுவார். அன்று மாலை விமானத்தில் கிளம்பும்படி அவர் நாட்டுத் தூதரகம் சொல்லிவிட்டது. போகிற அவசரத்திலும் கல்லறைக்குப் பக்கத்தில் நீல நைலான் கயிறு கட்டியிருந்த ஓர் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"இங்க இன்னும் யாரும் தோண்டல, பாய். குழந்தைகளைப் புதைச்ச இடமா இருக்கலாம். அவங்க எப்படிக் கிடக்காங்களோ அப்படியே பார்க்கணும். அடுத்த வருஷம் இதுதான் என் வேலை. கயித்துக்குள்ள கால் வைக்காதீங்க."

மூட்டைக்கான மண்ணை, ரோட்டோரம் மேடத்தின் ஆட்கள் சலித்துக் கொட்டிய மேட்டிலிருந்து எடுக்க வேண்டும். சரி என்று தலையாட்டினேன்.

அவர் போன பிறகு, மண் கொண்டுவர வேண்டிய பிக்கப் வரவில்லை. "வண்டி மாஃபி", கிடையாது என்று டிரைவர் போனை வைத்துவிட்டான். மேடு முந்நூறு தப்படிக்கு அப்பால். மூட்டையைத் தலையில் ஏற்றி நடந்தால் பாதி வழியில் எல்லோருடைய போனிலும் ஏவுகணை எச்சரிக்கை ஒன்றாக அலறும். மூட்டையைப் போட்டுவிட்டுக் குப்புற விழுவோம். மேலே எங்கோ வெடிக்கும். சூப்பர்வைசர் வேறு நிமிஷத்துக்கு நிமிஷம் கூப்பிட்டு ஜல்தி, ஜல்தி என்றார். பக்கத்தில் அள்ளலாமென்றால் எங்கும் சரளை, மண்வெட்டி இறங்கவில்லை. கயிற்றுக்குள் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது.

ஒரு தடவை வெட்டி மூடிய மண் எத்தனை காலமானாலும் இளகித்தான் கிடக்கும். மண்வேலை செய்தே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான், "இங்கயே அள்ளுங்கடா" என்றேன். மூட்டை வாய் கட்டக் கயிறு போதாதபோது, அந்த நீலக் கயிற்றையே துண்டு போட்டுக் கட்டினோம்.

பெரம்பலூர்க்காரன் ஒருவன் மண்வெட்டியை நிறுத்தினான்.

"அண்ணே, எலும்பு வருதுண்ணே. சின்னச் சின்னதா இருக்கு. பாசிமணி வேற கெடக்கு."

"செத்ததுக்காக நாம சாகணுமா? அள்ளு. யல்லா."

அவன் என்னைப் பார்க்காமல் அள்ளினான். இருட்டுவதற்குள் சுவர் உயரத்துக்கு மூட்டை ஏறிவிட்டது. சூப்பர்வைசருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், சபாஷ் கிடைத்தது.

சண்டை ஓய்ந்து மேடம் திரும்பி வந்தபோது மூட்டைகளைப் பிரிக்க எங்களையே கூப்பிட்டார்கள். சுவரில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கம் எதுவுமே வந்து விழவில்லை. மேடம் சுவரைத் தொட்டுச் சிரித்தார். பிறகு திரும்பினார், குழியைப் பார்த்தார். வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஒரு மூட்டையை அறுத்துச் சல்லடையில் கொட்டினார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு தாடை எலும்பு, பல்லோடு.

"சலிச்சா எலும்பெல்லாம் கிடைச்சிடும். யாரோடது எதுன்னு தெரியாது. யார் பக்கத்துல யாரைப் படுக்க வச்சாங்கன்னும் தெரியாது" என்றார். பிறகு என்னைக் கேட்டார்: "எந்த மூட்டை எந்த இடத்து மண்ணு? ஒண்ணாவது ஞாபகம் இருக்கா, பாய்?"

எல்லாம் ஒரே மாதிரிச் சாக்கு மூட்டை. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த முகத்துக்கு முன்னால் வெறுமனே நிற்க முடியாமல், கையருகே இருந்த ஒரு மூட்டையைக் காட்டி, "இது கிழக்கு மூலை, மேடம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மார்க்கரை எடுத்து, அந்தச் சாக்கின் மேல் பெரிய எழுத்தில் கிழக்கு என்று எழுதினார். எனக்கு நன்றி சொன்னார்.