மருந்து விடாத கிண்ணம்

எங்கள் ஆய்வகத்தில் அக்கா என்றால் ஒருவர்தான். செல்களுக்குத் தினமும் தீனி மாற்றுபவர். ஞாயிறு, காய்ச்சல் எதுவும் அவருக்குக் கிடையாது. "கைக்குழந்தையே பரவாயில்ல" என்று திட்டிக்கொண்டே வருவார்.

அவருடைய அப்பாவும் அண்ணனும் நாற்பதைப் பார்க்கவில்லை. பரம்பரை இதய நோய். இப்போது தம்பிக்கும் அதுதான். தம்பியின் இரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, அதை இதயச் செல்லாக மாற்றி, கிண்ணத்தில் தாறுமாறாகத் துடிப்பதை எந்த மருந்து சீராக்குகிறது என்று தேடினோம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஆய்வு மாணவன் தன் இரத்தத்தையே கொடுத்திருந்தான்.

நாற்பத்தோராவது மருந்தில் துடிப்பு சீரானது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே தம்பிக்குச் சொல்லி, அந்த வாரமே கட்டுரையும் அனுப்பியாகிவிட்டது. பிறகுதான் அக்கா பக்கத்துக் கிண்ணத்தைக் கவனித்தார். அதிலும் தம்பியின் செல்கள்தான், ஆனால் மருந்தே விடவில்லை. அதுவும் சீராகத் துடித்தது.

"ஒருத்தர் செல்லுக்கு ஒரு தீனி பாட்டில்னு சொன்னேனே. என்ன பண்ணின?"

மாணவன் தலையைச் சொறிந்தான். "நீங்க லீவு போட்ட அன்னைக்கு ரெண்டுக்கும் ஒரே பாட்டில்ல, ஒரே குழாயால எடுத்து ஊத்திட்டேன். ஒரு நாள்தானேன்னு..."

அந்த வருடம் அக்கா எடுத்தது ஒரே லீவு, தம்பி மயங்கி விழுந்த நாளில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோதித்தோம். அந்தப் பாட்டில் வழியாகத் தாவிய மாணவனின் செல்கள் வேகமாகப் பெருகி, தம்பியின் செல்களை இல்லாமல் செய்திருந்தன. கையிருப்பாக உறையவைத்த குப்பிகளிலும் அதே கதை. மாணவனின் இதயம் துடித்ததற்குத்தான் நாங்கள் கைதட்டியிருக்கிறோம், வெட்கங்கெட்டவர்கள்.

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "கட்டுரை போயாச்சும்மா. இப்ப கிளற வேண்டாம்."

"என் தம்பி அந்த மருந்து எப்ப வரும்னு கேட்டுக்கிட்டிருக்கான். கட்டுரைய நீங்க திரும்ப வாங்குறீங்களா, இல்ல நான் எழுதிப் போடட்டுமா?"

அவர் திரும்ப வாங்கினார், அக்காவுக்குப் பயந்து. மனசாட்சிக்கு அல்ல.

முதலிலிருந்து தொடங்கப் புது இரத்தம் வேண்டும். அக்காவோடு நானும் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அக்கா எதையும் மறைக்கவில்லை. தம்பி கேட்டு முடித்தான்.

"அந்தப் பையன் நல்லாயிருக்கான்னு கண்டுபிடிக்கவா ஒன்றரை வருஷம்?"

அவன் சட்டைக் கையை மடித்து, கையை மேஜைமேல் நீட்டினான்.

"எடுத்துக்கோக்கா. இன்னொரு ஒன்றரை வருஷம் நான் இருப்பேனான்னு மட்டும் அவன்கிட்டயே கேட்டுச் சொல்லு."